ஃபார்மட் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

ஜெராக்ஸ் கடையில ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பிரின்ட் எடுத்துட்டு, அதே பென்டிரைவை திட்டக்குடி வீட்ல இருக்குற பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்ல சொருகினேன். எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட் ஆகிடுச்சு. அதுல ஒண்ணு, இறந்துபோன எங்க ஆயாவோட போட்டோஸ். எடுத்த போன் இப்ப இல்ல, வேற காப்பியும் இல்ல. சர்வீஸ் கடைக்காரர், "ரெண்டையும் ஃபார்மட் அடிச்சாதான் சரியாவும் தம்பி"ன்னார். அப்பா ஒண்ணுமே பேசல.

உண்மையில இந்த வைரஸ் ஃபைலை அழிக்கிறதில்ல. ஹிடன், சிஸ்டம்னு ரெண்டு முத்திரை குத்தி மறைச்சிட்டு, அதே பேர்ல ஷார்ட்கட் வைக்கும். நீங்க க்ளிக் பண்ணா முதல்ல ஸ்கிரிப்ட் ஓடும், அப்புறம் ஃபோல்டரும் திறக்கும். அதனாலதான் சந்தேகமே வராது. முன்னாடி ஆட்டோரன் இருந்தப்ப பென்டிரைவ் சொருகினாலே போதும், 2008-ல வந்த கான்ஃபிக்கர் அதையும் பயன்படுத்திச்சு. விண்டோஸ் 7-ல பென்டிரைவுக்கு அந்த வழியை அடைச்சாங்க. அதுக்கப்புறம் நம்ம கையாலேயே க்ளிக் பண்ண வைக்கிற இந்த வித்தை ரொம்பவே பரவிச்சு.

எடுக்குறது எப்படி? நெட்டையும் பென்டிரைவையும் கழட்டிடுங்க. ஆன் ஆகும்போதே எஃப்8 தட்டி சேஃப் மோடுக்குப் போங்க. அங்க ஸ்டார்ட்அப் ப்ரோக்ராம் எதுவும் ஓடாது, ஸ்கிரிப்டும் தூங்கிட்டுதான் இருக்கும். எம்எஸ்கான்ஃபிக்ல ஸ்டார்ட்அப் பக்கம் பாருங்க. டபிள்யூஸ்கிரிப்ட்னு ஆரம்பிக்கிற வரி இருந்தா, அது காட்டுற இடத்துக்குப் போய் அந்த .விபிஎஸ் ஃபைலை அழிச்சிட்டு, டிக்கையும் எடுத்துடுங்க. மெனுவுல இருக்குற ஸ்டார்ட்அப் ஃபோல்டரையும் பார்த்துடணும், நான் மறந்துட்டேன், அடுத்த ரீஸ்டார்ட்ல மறுபடி வந்துச்சு!

இப்ப பென்டிரைவ். சொருகுங்க, ஆனா எதையும் க்ளிக் பண்ணாதீங்க. கமாண்ட் ப்ராம்ப்ட்ல டிரைவ் எழுத்தும் கோலனும் அடிச்சு என்டர். அடுத்து, அட்ரிப் -ஹெச் -ஆர் -எஸ் /எஸ் /டி. (ஆங்கிலத்துல அடிங்கப்பா.) ஃபோல்டர்கள் வெளிய வரும். ஷார்ட்கட்டையும் தெரியாத ஸ்கிரிப்டையும் அழிச்சிட்டு, போட்டோ, டாக்குமென்ட் மட்டும் காப்பி பண்ணி, ஆன்டிவைரஸ்ல ஒரு ஃபுல் ஸ்கேன் விடுங்க.

எல்லா வைரஸுக்கும் இது ஆகாது. சாலிட்டி மாதிரி .எக்ஸி ஃபைலுக்குள்ளேயே நுழையுற வகைன்னா கடைக்காரர் சொல்றதுதான் சரி, டேட்டாவை எடுத்துட்டு ஃபார்மட் பண்ணிடுங்க. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஓட சப்போர்ட்டும் முடிஞ்சுபோச்சு. அதனால எங்க வீட்டு மெஷினுக்கு இப்ப நெட் கிடையாது.

ஆயா ஃபோல்டர்ல 43 படம் இருந்துச்சு. அப்பா ஒவ்வொண்ணா எண்ணிப் பார்த்தார், ரெண்டு தடவை.