யூ மாவட்டத்துப் பெண்கள்

ஷாங்காயிலும் நாஞ்சிங்கிலும் போர்க்காலத்தில் ஜப்பானிய ராணுவம் தன் வீரர்களுக்காகப் பெண்களை அடைத்து வைத்து நடத்திய ‘ஆறுதல் நிலைய’ங்களுக்கு முகவரி இருந்தது; கட்டணம் இருந்தது; மருத்துவச் சோதனைக்கு நாள் குறித்திருந்தது. ஷான்ஷி மாகாணத்து மலைக் கிராமங்களில் அந்தப் போலி ஒழுங்குகூட இல்லை. 1940களின் தொடக்கத்தில் யூ மாவட்டத்தில் காவல் அரண் எழுப்பித் தங்கிய படைப்பிரிவுகள், சுற்று ஊர்களில் புகுந்து பெண்களைப் பிடித்து வந்தன. சரிவைக் குடைந்து கட்டிய குகை வீடுகளில் அவர்களை அடைத்து வைத்தன. வீட்டார் இருப்பதை விற்றுப் பணம் திரட்டி மகளை மீட்டார்கள். மீண்டு வந்தவளை மறுபடி பிடித்துப் போனதும் உண்டு. அங்கே யாரும் பதிவேடு எழுதவில்லை. நடந்ததற்கு அந்தப் பெண்களின் உடலே சாட்சி.

வான் அய்ஹுவாவின் உடலைச் சொல்லலாம். சிறுமியாக விற்கப்பட்டு அந்தப் பக்கம் வந்து சேர்ந்தவர்; சிறு வயதிலேயே ஜப்பானிய எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்தவர். 1943இல் மூன்று முறை பிடிபட்டார். கடைசி முறை, செத்துவிட்டாள் என்று எண்ணி ஆற்றில் வீசினார்கள். உயிர் தப்பியது. ஆனால் இடுப்பும் விலாவும் நொறுங்கியதில், 165 சென்டிமீட்டர் உயரம் இருந்தவர் 147 சென்டிமீட்டராகக் குறுகிப்போனார்.

1945இல் போர் முடிந்தது. இந்தப் பெண்களுக்கு அதற்குப் பிறகுதான் இன்னொன்று தொடங்கியது. ஜப்பானியனோடு இருந்தவள் என்று ஊர் சொன்னது. பிள்ளை பெற முடியாமல் போனவர்கள் அதற்கும் ஏச்சு வாங்கினார்கள். கலாசாரப் புரட்சியின் ஆண்டுகளில் அதே பழியைச் சுமத்தி விசாரணைக்கு இழுக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். பகைவன் செய்த கொடுமைக்குச் சொந்த மண் தண்டனை கொடுத்தது. இதைச் சொல்லாமல் ஜப்பானை மட்டும் குற்றம் சாட்டுவது பாதி உண்மைதான்.

அவர்கள் பேச்சைக் கேட்க முதலில் வந்தது அரசும் அல்ல, பல்கலைக்கழகமும் அல்ல. யூ மாவட்டத்துத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் சாங் ஷுவாங்பிங், 1982இல் வயலில் தனியாகத் தினை அறுத்துக்கொண்டிருந்த ஹோ தோங்ஏ என்ற மூதாட்டியைக் கண்டார். ஒரு காலத்தில் அழகுக்குப் பேர்போனவர் அவர். தமக்கு நேர்ந்ததை ஆசிரியரிடம் சொல்ல அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அதன் பிறகு ஊர் ஊராகப் போன ஆசிரியர், நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் வாக்குமூலங்களை எழுதிச் சேர்த்தார்.

1992 டிசம்பரில் வான் அய்ஹுவா டோக்கியோவுக்குப் போய்ப் பொது மேடையில் சாட்சி சொன்னார். சொல்லும்போதே மயங்கி விழுந்தார். 1995க்கும் 2001க்கும் இடையில் ஷான்ஷியிலிருந்து மூன்று வழக்குகளும் ஹைனான் தீவிலிருந்து ஒன்றும் ஜப்பானிய நீதிமன்றங்களுக்குச் சென்றன. அந்தப் பெண்களுக்காக வாதாடியவர்களில் ஜப்பானிய வழக்கறிஞர்கள் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. கடத்தலும் வன்கொடுமையும் நடந்தன என்று நீதிபதிகள் ஏற்றுக்கொண்ட தீர்ப்புகள் உண்டு. ஆனால் 1972இல் சீன, ஜப்பானிய அரசுகள் வெளியிட்ட கூட்டறிக்கையோடு, இழப்பீடு கேட்டு வழக்காடும் உரிமை போய்விட்டது என்று 2007 ஏப்ரலில் ஜப்பானிய உச்ச நீதிமன்றம் சொன்னது. நான்கு வழக்குகளும் தோற்றன. நடந்தது உண்மை, ஆனால் நீ கேட்க முடியாது என்ற பதிலோடு அந்த மூதாட்டிகள் ஊர் திரும்பினார்கள். 2013இல் வான் அய்ஹுவா இறந்தார். அவர் கேட்ட மன்னிப்பு வரவில்லை.

இன்று அந்தப் பெண்களின் பெயர்கள் ஊரறிந்தவை. நாஞ்சிங் லிஜி சந்தில் பாழடைந்து கிடந்த பழைய நிலையம் 2015 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. இந்தப் பெண்களைப் பற்றி இயக்குநர் குவோ கே எடுத்த ஆவணப்படங்களுக்குத் தலைப்பே எண்ணிக்கைதான். முதல் படத்தின் பெயர் ‘முப்பத்திரண்டு’. சீனாவில் அப்போது உயிரோடிருந்தோர் என்று அறியப்பட்டவர்களின் தொகை அது. 2014இல் அடுத்த படத்தை எடுத்தபோது அது ‘இருபத்திரண்டு’ ஆகியிருந்தது. ஆயிரக்கணக்கானோர் தந்த பணத்தால் முடிக்கப்பட்ட அந்தப் படம் 2017 ஆகஸ்ட் 14 அன்று திரையரங்குக்கு வந்தது. வசூல் 17 கோடி யுவானைத் தாண்டியது. படம் வெளியாவதற்கு இரண்டு நாள் முன்னர், ஹைனான் வழக்கின் வாதிகளில் எஞ்சியிருந்த ஹுவாங் யோலியாங் காலமாகியிருந்தார்.

வெட்கம் இடம் மாறியிருக்கிறது. இது சிறிய மாற்றமல்ல. முன்பு தாய்க்கு நடந்ததைப் பிள்ளைகள் வெளியே சொல்லக் கூசினார்கள். 2024 ஏப்ரலில், பாதிக்கப்பட்ட 18 பெண்களின் பிள்ளைகள் ஜப்பான் அரசின் மீது ஷான்ஷி உயர் நீதிமன்றத்தில் மனு கொடுத்தார்கள். சீன நீதிமன்றம் ஒன்றில் இப்படியொரு வழக்கு அதுவே முதல். தாய்மார் நீதி கேட்டுக் கடல் கடந்து போனார்கள். பிள்ளைகளுக்குச் சொந்த மாகாணத்திலேயே வாசல் இருக்கிறது. ஆனால் தாய்மார் தமக்கு நடந்ததைத் தாமே சொன்னார்கள். பிள்ளைகள் கேட்டறிந்ததைத்தான் சொல்ல முடியும்.