இறுகி உட்கார வேண்டிய வளையம்

சைக்கிளுக்குப் புது ஹெட்செட் வாங்கிவந்து வீட்டிலேயே மாட்டத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் திகைத்து நிற்பார்கள். ஃபோர்க்கின் தண்டில் அடி வளையத்தைப் போட்டால் அது வழுக்கிக்கொண்டு இறங்கும். கடைசியில் சில மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்போது நின்றுவிடும். கையால் எவ்வளவு அழுத்தினாலும் நகராது. சைஸ் தப்பாக வாங்கிவிட்டோம் என்று தோன்றும். கை அரத்தைத் தேடும். அரத்தை எடுக்குமுன், அது ஏன் அங்கே நிற்கிறது என்று பார்ப்போம்.

ஹேண்டில்பாரைத் திருப்பினால் முன்சக்கரம் லேசாகத் திரும்புகிறதே, அதைச் செய்யும் பேரிங் தொகுதிதான் ஹெட்செட். ஃபிரேமின் முன்குழாயில் மேலே ஒரு கப், கீழே ஒரு கப். கீழ்க் கப்புக்கு எதிரே, ஃபோர்க்கின் இரண்டு கால்களும் பிரிகிற தோளில், ஓர் எஃகு வளையம். இரண்டுக்கும் நடுவில் பால்ஸ் உருளும். பெட்டியின்மேல் இந்த வளையத்துக்கு ‘கிரவுன் ரேஸ்’ என்று போட்டிருப்பார்கள்.

இப்போது அளவுகளைப் பார்ப்போம். ஒன்றேயரைக்கால் அங்குல, அதாவது 28.6 மில்லிமீட்டர் தண்டுள்ள ஃபோர்க்கை எடுத்துக்கொள்வோம். அதற்கான வளையத்தின் உள்விட்டம் 30.0 மில்லிமீட்டர். ஆகவே தண்டில் அது தாராளமாக இறங்கும். ஆனால் தோளுக்கு மேலே அது உட்காரும் இடத்தை ஏறக்குறைய 30.1 மில்லிமீட்டருக்குக் கடைந்திருப்பார்கள். ஓட்டை சிறிது, உள்ளே போக வேண்டியது பெரிது. இது பிழையல்ல, வேண்டுமென்றே செய்தது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தைவிடப் பட்டையைக் கொஞ்சம் சிறிதாகத்தான் அடிப்பார்கள். ஏறி உட்கார்ந்தபின் அந்தக் குறைதான் பட்டையை இறுக்கிப் பிடித்துவைக்கும், ஆணியல்ல. நம் வளையத்துக்கும் திருகோ ஆணியோ கிடையாது. அந்தப் பத்தில் ஒரு மில்லிமீட்டர்தான் அதன் பிடிப்பு முழுவதும்.

இதனால்தான் அரத்தையும் எமரித் தாளையும் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறேன். தேய்த்தால் வளையம் சுகமாக ஏறிவிடும். வேலை முடிந்தது என்றும் தோன்றும். பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும், ஒவ்வொரு முன் பிரேக்கிலும் சுமை அந்த இடத்தில்தான் வந்து இடிக்கும். தளர்ந்த வளையம் தன் இருக்கையில் கண்ணுக்குத் தெரியாமல் அசையும், அசைந்து அசைந்து அதை மேலும் தேய்க்கும். முன்பக்கம் ‘டக் டக்’ என்று சத்தம் வரும். நாம் மேலே இருக்கும் நட்டை இறுக்குவோம். ஆட்டம் இருப்பது கீழே, அதனால் சத்தம் முழுதாகப் போகாது. இன்னும் இறுக்கினால் ஹேண்டில்பார் கனத்துத் திரும்பும், பால்ஸ் ஓடும் பாதையில் குழி விழும். ஃபோர்க்கில் தேய்த்து எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்க வழியில்லை.

உண்மையிலேயே சைஸ் தவறுவதும் உண்டு. பழைய ஒரு அங்குல ஃபோர்க்குகளில் இரண்டு அளவு வளையங்கள் புழங்குகின்றன: 26.4, 27.0. இருக்கை 27.1 இருக்கும் ஃபோர்க்கில் 26.4 வளையத்தை எந்தச் சுத்தியலாலும் ஏற்ற முடியாது, முயன்றால் வளையம் வெடிக்கும். ஆகவே வெர்னியர் காலிப்பரால் இரண்டையும் அளந்துவிடுவோம். பத்தில் ஒன்று, ஒன்றரை வித்தியாசம் என்றால் சரியான ஜோடி. அதற்குமேல் என்றால் முதலில் இருக்கையில் பெயின்ட், துரு, பிசிறு இருக்கிறதா என்று பார்த்து, அவற்றை மட்டும் சுத்தம் செய்து, திரும்ப அளப்போம். அப்போதும் கூடுதலாக இருந்தால் வளையத்தைக் கடையில் மாற்றிக்கொள்வதே சரி.

வண்டிப் பட்டையைப் போல வளையத்தையும் சூடுகாட்டினால் விரியுமே என்று கேட்பீர்கள். விரியும், ஆனால் எவ்வளவு? நான்கடி விட்டமுள்ள வண்டிப் பட்டை 400 டிகிரி சூடேறினால் விட்டம் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் கூடும். நம் வளையமோ 30 மில்லிமீட்டர்தான். கொதிநீரில் போட்டு 70 டிகிரி கூட்டினால் விட்டம் 0.025 மில்லிமீட்டர் கூடும். நமக்கு வேண்டியதில் கால்வாசி. உதவிதான், ஆனால் தானாக விழுந்துவிடாது. காஸ் அடுப்புத் தீயில் நேராகக் காட்டவே கூடாது: கடினப்படுத்திய எஃகு, நீலம் பாரிக்குமளவு சூடேறினால் இளகி, சீக்கிரம் குழிந்துவிடும்.

மிச்சத்தைச் சுத்தியல்தான் செய்ய வேண்டும், ஆனால் சுற்றிலும் சமமாக. தண்டின்மேல் நுழைகிற, தண்டைவிட நீளமான ஒரு குழாய்த் துண்டு வேண்டும். அதன் முனையை நேராக அறுத்து, பிசிறு நீக்கிக்கொள்வோம். குழாயின் விளிம்பு வளையத்தின் உள் ஓரத்தில்தான் படவேண்டும், பால்ஸ் ஓடும் பாதையில் படக் கூடாது. கழற்றிய பழைய வளையம் இருந்தால் அதைக் கவிழ்த்து நடுவில் வைப்பது நல்ல பாதுகாப்பு. ஸ்க்ரூட்ரைவரை வைத்து ஒரு பக்கம், மறுபக்கம் என்று தட்டுவதுதான் வளையத்தைச் சாய்த்துச் சிக்கவைக்கும்.

ஃபோர்க்கின் கால் நுனிகளைத் தரையில் ஊன்றி அடிக்கக் கூடாது, சக்கரம் மாட்டும் இடம் வளைந்துவிடும். ஒரு மரச்சட்டத்தின் இருபுறமும் கால்கள் தொங்க, தோள் அதன்மேல் உட்காரட்டும், துணி விரித்துக்கொள்வோம். இருக்கையில் மெல்லிய கிரீஸ் பூசி, பால்ஸ் பாதை மேலே பார்க்க வளையத்தை வைத்து, குழாயை நிதானமாகத் தட்டுவோம். சில தட்டுக்கு ஒருமுறை குனிந்து சாய்வு பார்ப்பது அவசியம். சாய்ந்திருந்தால் தொடராமல் கழற்றி மீண்டும் தொடங்க வேண்டும். அடியில் போய் முட்டியதும் தட்டும் ஓசை மாறிக் கெட்டியாகக் கேட்கும். அங்கே நிறுத்திவிடுவோம்.

இந்த வேலையே தேவைப்படாத வளையங்களும் உண்டு. கார்ட்ரிட்ஜ் பேரிங் வைத்த இன்றைய ஹெட்செட்டுகள் பலவற்றில் வளையத்தில் ஒரு வெட்டு விட்டிருப்பார்கள், விரலால் அழுத்தினாலே உட்கார்ந்துவிடும். கார்பன் ஃபோர்க்காக இருந்து வளையம் இறுகலாக இருந்தால் சுத்தியலை எடுக்காமல் அதற்கான கருவி உள்ள கடைக்குக் கொண்டுபோங்கள்.

கடைசியாக, வளையத்துக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு தாளின் ஓரத்தைச் சுற்றிலும் நுழைத்துப் பாருங்கள். எங்கேயும் நுழையவில்லை என்றால் கிரீஸ் தடவிப் பால்ஸை அடுக்கலாம்.