இரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களின் ஆயுள் எவ்வளவு?

காயம் பட்டால் இரத்தத்தை உறையச் செய்யும் புரதங்களில் பெரும்பாலானவற்றைக் கல்லீரல்தான் செய்து அனுப்புகிறது. ஆனால் எல்லாம் ஒரே அளவு நீடிப்பதில்லை. ‘காரணி’ எனப்படும் இந்தப் புரதங்களில் ஏழாம் காரணி ஏறக்குறைய 5 மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஃபைப்ரினோஜன் என்ற இன்னொரு புரதம் பாதியாகச் சுமார் 4 நாள் ஆகும். கல்லீரல் திடீரெனப் பழுதானால் ஏழாம் காரணி முதலில் சரிவது இதனால்தான்.

இந்தக் கணக்கு எப்படித் தலைகீழாகும் என்பதைக் கண்ணாடி விரியன் கடியில் பார்க்கலாம். அதன் நஞ்சு ஐந்தாம், பத்தாம் காரணிகளை நேரடியாகத் தூண்டிவிடுகிறது. காயமே இல்லாத இடத்திலும் உறைதல் தொடங்குகிறது. நாட்கணக்கில் இருக்க வேண்டிய ஃபைப்ரினோஜன் சில மணி நேரத்திலேயே தீர்ந்துபோகிறது. பிறகு ஈறில் கசிவு, சிறுநீரில் இரத்தம்.

அதனால்தான் மருத்துவர்கள் சுத்தமான கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்க்கிறார்கள். எவ்வளவு எளிய சோதனை, எத்தனை உயிர்களுக்கு உதவுகிறது! உறையவில்லை என்றால் நஞ்சுமுறி மருந்து ஏற்றுவார்கள்.

அந்த மருந்து நஞ்சை முறிக்கும். தீர்ந்துபோன புரதத்தைத் திருப்பித் தராது. கல்லீரல்தான் அதைப் புதிதாகச் செய்ய வேண்டும். அதற்குச் சில மணி நேரம் தேவை. அடுத்த சோதனை 6 மணி நேரம் கழித்து நடப்பது அதனால்தான். அது அலட்சியம் அல்ல. அப்போதும் உறையாவிட்டால், உடலில் நஞ்சு இன்னும் வேலை செய்கிறது என்று கருதி மறுபடி மருந்து கொடுப்பார்கள்.