கல்லூரித் தலைவரின் ஒப்பந்தமும் அரசாங்கத்தின் கண்காணிப்பும்

மக்கள் செலுத்தும் வரிப்பணத்தினால் நடைபெறும் கல்லூரி ஒன்றுக்குத் தலைவரை நியமிக்கும் உரிமை யாருக்குரியது? அக்கல்லூரியின் நிருவாக சபைக்கே உரியது என்பர். அவ்வாறாயின், அச்சபை தான் விரும்பிய தொகையைத் தலைவருக்கு ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்துவிடலாமா? அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த இலினோய் மாநிலம் இவ்வினாவுக்கு விடைகண்ட வரலாறு அறியத்தக்கது.

சிக்காகோ நகருக்கு மேற்கே அமைந்துள்ளது டூபேஜ் கல்லூரி. ஆதனவரி, மாநில அரசாங்கத்தின் உதவி, மாணவர் கட்டணம் ஆகிய மூன்றும் அதன் வருவாய். வட்டார மக்கள் வாக்களித்துத் தெரிந்தெடுக்கும் எழுவர் அதன் சபையினர். 2015ஆம் ஆண்டு ஜனவரியில் அச்சபை, ஒப்பந்தக் காலம் முடியுமுன்னரே விலக இசைந்த தலைவருக்கு ஏறத்தாழ 7 இலட்சத்து 63 ஆயிரம் டொலர் கொடுக்கத் தீர்மானித்தது. வரியிறுப்போர் வெகுண்டனர். ஏப்ரல் மாதத் தேர்தலில் மாற்றம் வேண்டிய மூவர் வெற்றியடைந்தனர். சபையின் போக்கும் மாறிற்று. ஒக்டோபரில் புதிய சபை, அப்பணத்தைக் கொடாமலே தலைவரை வேலைநீக்கஞ் செய்தது.

இதற்கிடையில் மாநிலச் சட்டசபையும் விழித்துக்கொண்டது. 2015இல் நிறைவேறிய சட்டம் சமுதாயக் கல்லூரிகளின் ஒப்பந்தங்களுக்கு வரம்பு கட்டிற்று. ஒப்பந்தம் நான்கு ஆண்டுகளுக்கு மேற்படலாகாது. தானாகவே புதுப்பிக்கப்படுதல் கூடாது. விலகும்போது கொடுக்கும் பணம் ஓராண்டுச் சம்பளத்தையும் அதற்குரிய சலுகைகளையும் தாண்டலாகாது. முடிவு பகிரங்கக் கூட்டத்திலேயே எடுக்கப்படல் வேண்டும் என்பன அதன் விதிகள். 2019இல் நடைமுறைக்கு வந்த வேறொரு சட்டம், புதிய ஒப்பந்தங்களில் அப்பணத்தை இருபது வாரச் சம்பளமாகக் குறைத்தது. தீயொழுக்கத்தின் பொருட்டு நீக்கப்பட்டவருக்கு அதுவும் இல்லை.

ஆனால், பழைய ஒப்பந்தத்தை இச்சட்டங்கள் அழித்துவிடவில்லை. நீக்கப்பட்ட தலைவர் வழக்குத் தொடுத்தார். சபையினர் மாறியமையால் ஒப்பந்தம் செல்லாததாகி விடாது என்றும், குற்றஞ் சாட்டி ஒருவரை நீக்குமுன் அவர் கூற்றைக் கேட்டல் வேண்டும் என்றும் 2018இல் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் எடுத்துரைத்தது. மறு ஆண்டில் வழக்கு இணக்கமாக முடிந்தது. அதன்படி அவருக்குக் கிடைத்த தொகை 40 இலட்சம் டொலர். முதலிற் கொடுக்கவிருந்த தொகையினும் இஃது ஐந்து மடங்கிற்கு மேற்பட்டது.

அரசாங்கம் இவ்வாறு தலையிடுதல் கல்லூரியின் சுதந்திரத்தைக் குறைக்கும் என்று கூறுவோர் உளர். வரம்பு மிகுந்தால் ஆற்றலுடையோர் வரத் தயங்குவர் என்பாரும் உளர். இவை தள்ளிவிடத்தக்க வாதங்கள் அல்ல. எனினும் இலினோய்ச் சட்டம் தலைவரைத் தெரிவு செய்யும் உரிமையைச் சபையிடமே விட்டிருக்கிறது. பொதுப்பணத்தின் எல்லையை மட்டுமே வகுத்திருக்கிறது.

கையொப்பம் இட்டபின் ஒப்பந்தத்தை முறிக்க முயல்வது பெருஞ் செலவு. கையொப்பம் இடுமுன் அதை மக்கள் முன்னிலையில் வாசித்து ஆராய்வதற்குச் செலவு ஏதுமில்லை. வெள்ளம் வருமுன் அணைகோலும் அறிவே கண்காணிப்பின் பயன்.