இலங்கைக்கு வந்து சேராத கால் ஃபார்திங்

புதிய உலோகத்தையோ புதிய வடிவத்தையோ புழக்கத்துக்கு விடுமுன் நாணயசாலை சில துண்டுகளை மட்டும் அடித்துப் பார்க்கும். இவையே மாதிரிக் காசுகள். ஜெர்மனியப் பேரரசு 25 பெனிக் நிக்கல் காசை 1909இல் வெளியிட்டது. அதற்கு முன் 1908இல் வெவ்வேறு வடிவங்களில் மாதிரிகள் அடிக்கப்பட்டன. புழங்கிய காசு அரசின் முடிவைச் சொல்லும். மாதிரியோ அம்முடிவுக்கு முன் இருந்த தயக்கத்தைச் சொல்லும். சேகரிப்போர் இவற்றைப் போற்றுவதற்குக் காரணம் அருமைப்பாடு மட்டுமல்ல.

இலங்கையின் பணவரலாற்றை ஒட்டியும் அப்படியொரு காசு உண்டு. 1825இல் பிரித்தானியாவின் ஸ்டெர்லிங் பணம் அங்கே வந்தபோது பழைய ரிக்ஸ் டாலருக்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் என மதிப்பு வைத்தார்கள். ஒரு டாலர் 48 ஸ்டைவர் ஆகையால், ஒரு ஸ்டைவர் ஒன்றரை ஃபார்திங் (ஃபார்திங் என்பது பென்னியில் கால் பங்கு) ஆனது. அந்த அரையைக் கொடுக்கக் காசு வேண்டுமே! 1828இல் இலங்கைக்கென்றே அரை ஃபார்திங் வந்தது. 1839இல் கால் ஃபார்திங்கும் வந்தது. பவுணில் 3,840இல் ஒரு பங்கு அது. பிரித்தானியா அடித்த ஸ்டெர்லிங் காசுகளில் மதிப்பு மிகக் குறைந்தது.

13.5 மில்லிமீற்றர் அகலம், 1.2 கிராம் எடை; விரல்நுனியில் வைத்தால் நகத்தளவே இருக்கும். ஒரு பக்கம் இளம் விக்டோரியாவின் தலை, மறுபக்கம் முடியும் மதிப்பும் ஆண்டும். 1839க்குப் பின் 1851, 1852, 1853 ஆண்டுகளில் செம்பில் அடித்தார்கள். கொழும்பின் செட்டியார் தெரு, ஜிந்துப்பிட்டி போன்ற கடைத்தெருக்களின் சல்லிக் கணக்குக்கு ஏற்ற காசு இது.

அதே கால் ஃபார்திங் 1868 என்ற ஆண்டுடனும் இருக்கிறது. வெண்கலத்தில் ஒன்று, செம்பு-நிக்கல் கலவையில் இன்னொன்று. இரண்டும் புழக்கத்துக்கு வரவில்லை; பளபளப்பான நேர்த்தி அச்சாக மிகச் சிலவே அடிக்கப்பட்டன. கலவைக் காசு வெள்ளியைப் போல வெளுத்திருக்கும். பழைய செம்புக் காசுக்கு வெள்ளிப்பூச்சுக் கொடுத்தும் அந்த நிறத்தைக் கொண்டுவரலாம் என்பதால், நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. முதலில் ஆண்டைத்தான் பார்க்க வேண்டும்.

மாதிரி மாதிரியாகவே நின்றது. 1869இல் இந்திய ரூபாய் இலங்கையின் சட்டப்பணமானது. 1872இல் ரூபாய்க்கு நூறு சதம் என்ற கணக்கு நடைமுறைக்கு வந்தது. அதற்கென 1870 ஆண்டிட்டு அடித்த செம்புச் சதங்களில் பனைக் குடும்பத்து மரமொன்று நிற்கிறது. அதன் இருபுறமும் சிங்களத்திலும் தமிழிலும் மதிப்பு எழுதியிருக்கிறது.