கறுத்த குட்டிகள் சொல்லும் தேதி

வெண்பன்றிப் பண்ணை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். தலையீற்றுப் பன்றி, நாள் தப்பாமல் ஈன்றிருக்கிறது. நான்கு குட்டிகள் உயிரோடு. ஐந்து கறுத்துச் சுருங்கி, காய்ந்த தோலாக. அவற்றில் ஒன்று விரல் நீளம், ஒன்று முக்கால் சாண், மற்றவை இடைப்பட்ட அளவுகள். தாய்க்குக் காய்ச்சல் இல்லை. சினையாக இருந்தபோதும் ஒருவேளைத் தீவனத்தைக்கூட ஒதுக்கவில்லை. ‘திருஷ்டி என்கிறார்கள், கசாப்புக்குத் தள்ளிவிடச் சொல்கிறார்கள்’ என்று வருந்துகிறார்.

தள்ளிவிடாதீர்கள். ஐந்தும் வெவ்வேறு அளவு என்று கவனித்து எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதில்தான் இருக்கிறது.

என் முதல் சந்தேகம் பார்வோ வைரஸ் மேல். பார்வோ என்றால் நாய் வளர்ப்பவர்களுக்குத் தெரியும், குட்டி நாய்களை ரத்தக் கழிச்சலில் கொண்டுபோவது. பன்றிக்கு வருவது அதே குடும்பத்தின் இன்னொரு வைரஸ். சுமார் 20 நானோமீட்டர் அகலம்தான். வேகமாகப் பிரிந்து பெருகும் செல்களில்தான் இதனால் பெருக முடியும். வளர்ந்த பன்றியின் உடம்பில் அதற்குப் பெரிதாக வேலையில்லை. அதனால்தான் தாய் வழக்கம்போலத் தின்றுகொண்டிருக்கிறது. கருவிலோ எல்லாச் செல்லும் பெருகிக்கொண்டிருக்கிறது. போதாததற்கு, மனிதர்களில் போவதுபோல் பன்றியில் தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே கருவுக்குப் போகாது. பிறந்தபின் சீம்பாலில்தான் கிடைக்கும். வயிற்றுக்குள் இருக்கும்வரை கருவுக்குக் கவசமே இல்லை.

என்னை வியக்கவைப்பது இந்த வைரஸின் மெதுவான நடை. பன்றியின் கருப்பைக்கு நீண்ட இரு கொம்புகள்; கருக்கள் அவற்றில் வரிசையாக இருக்கும். தை மாதத்தில் அம்மாவோடு மொச்சை உரிக்கும்போது பார்த்திருக்கிறேன்: புழு நுழைந்த இடத்துக் கொட்டை பொடியாகிக் கிடக்கும், அடுத்தது பாதி, கடைசிக் கொட்டை பழுதில்லாமல் இருக்கும். வைரஸும் இப்படித்தான் ஒரு கருவிலிருந்து பக்கத்துக் கருவுக்கு நாள்கணக்கில் நகர்கிறது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வயதில் சாகிறது.

சுமார் 35 நாளுக்குள் செத்தால் கருவைத் தாயின் உடலே உறிஞ்சிக்கொள்ளும், தடயம் இருக்காது. எலும்பு உருவாகத் தொடங்கியபின் உறிஞ்ச முடியாது. கரு நீர் வற்றிக் கறுத்துப்போய், உயிருள்ள குட்டிகளோடு பிரசவம்வரை உள்ளேயே கிடக்கும். 70 நாளைத் தாண்டிய கருவோ தானே எதிர்ப்பொருள் உண்டாக்கிப் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பன்றியின் சினைக்காலம் 114 நாள்.

செத்த தேதியை நீங்களே கணக்கிடலாம். உச்சந்தலை முதல் வால் அடிவரை மில்லிமீட்டரில் அளந்து, மூன்றால் வகுத்து, 21 கூட்டுங்கள். ஆறு சென்டிமீட்டர் கரு ஏறக்குறைய 41ஆம் நாளில் செத்திருக்கும், 15 சென்டிமீட்டர் 71ஆம் நாளில். ஒரு ஸ்கேலும் சினைக்கு விட்ட தேதி எழுதிய நோட்டும் போதும். ஆனால் பல கொட்டகைகளில் அந்த நோட்டே கிடையாது. காய்ந்த குட்டிகளை நாய்க்குப் போட்டுவிட்டு, பன்றியை மலடு என்று விற்றுவிடுகிறார்கள். எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பார்வோ வந்து மீண்ட பன்றிக்கு அந்த நோயிலிருந்து பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கப் பாதுகாப்பு உண்டு. மந்தையிலேயே பயப்படத் தேவையில்லாத பன்றியை விற்றுவிட்டு, இந்த நோயையே பார்த்திராத இளம் பன்றியை, மாதக்கணக்கில் வைரஸ் உயிரோடிருக்கும் அதே தரையில் கட்டுகிறார்கள்.

பார்வோதான் என்று கடிதத்தை வைத்து நான் முடிவு சொல்லக்கூடாது. எலிக்காய்ச்சல் கிருமி, புருசெல்லா பாக்டீரியா, பிஆர்ஆர்எஸ் வைரஸ் எல்லாமே பன்றிக் கருவைக் கெடுப்பவை. கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் இப்படிப் பல அளவுகளில் காய்ந்த குட்டிகளை ஈன வைக்கும். இந்தியாவில் அந்த நோய் முதலில் அறியப்பட்டது 1955இல், நம் வேலூரில். 2022 பிப்ரவரி கடைசியில் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குப் பண்ணைகளில் செத்தும் காய்ந்தும் குட்டிகள் பிறந்தன. அவற்றை வீசாமல் பரிசோதித்ததால்தான் இந்த நோய் அங்கே பரவியிருப்பது வெளியே தெரிந்தது. அதே பருவத்தில் மனிதர்களும் அதனால் இறந்தார்கள். பண்ணைக்காரரின் நஷ்டம் மட்டும்தானே என்று கால்நடைத் துறையோ ஊரோ இதை ஒதுக்கிவிட முடியாது.

வாசகருக்கு: இளம் பன்றிகளைச் சினைக்கு விடும் முன் பார்வோ தடுப்பூசி பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். சீம்பாலில் வந்த எதிர்ப்பொருள் ஆறு மாதம்வரைகூட நிற்பதால், அதற்குமுன் போடும் ஊசி வீணாகலாம். ஆண் பன்றியை இரவல் வாங்காதீர்கள். இனி இப்படிப் பிறந்தால் 16 சென்டிமீட்டருக்குக் குறைந்த குட்டிகளை ஐஸ் பெட்டியில் வைத்து, மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்புங்கள். பெரியவற்றில் எதிர்ப்பொருள் வைரஸை மறைத்துவிடலாம். பன்றிப் பார்வோ மனிதருக்கு வராது. எலிக்காய்ச்சலும் புருசெல்லாவும் வரும். கையுறை இல்லாமல் எதையும் தொடாதீர்கள்.