படிப்பில்லை என்று பின்வாங்க வேண்டாம்

"நாங்கள் படிக்காத ஆட்கள். எங்களுக்கு என்ன தெரியும்?" கல்முனைக் கரையோரத்து விவசாயிகள் பலர் இப்படிச் சொல்லித் தங்களைத் தாங்களே ஒதுக்கிக்கொள்கின்றனர். பெரும்போகத்துக்கு எப்போது விதைப்பது, எந்த வரவையில் தண்ணீர் நிற்காது என்றெல்லாம் அனுபவத்தில் அறிந்தவர், கோவையோடு இருக்கும் உத்தியோகத்தர் முன்னால் வாய்திறக்கத் தயங்குகிறார். 1990ஆம் ஆண்டு வன்செயலாலும் 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியாலும் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இந்தத் தயக்கம் இன்னொரு இழப்பாகிவிடும். காணிப் பத்திரம் தொலைந்திருந்தால், அதைப் பற்றி உரியவர்தான் போய்க் கேட்க வேண்டும்.

பில்லுசேரிச் சின்னப்பிள்ளை

தமிழ்நாட்டில் மதுரைக்கு அருகே, அழகர்கோவில் பக்கத்திலுள்ள சிற்றூர் பில்லுசேரி. அங்கு கூலிக்கு வயல் வேலை செய்தவர் சின்னப்பிள்ளை. எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் நடவுக்கும் அறுவடைக்கும் பெண்களைச் சேர்த்துக்கொண்டு போய், நிலச்சொந்தக்காரரிடம் கூலியைப் பேசி வாங்குவது அவர் வேலை. முகத்துக்கு நேரே நின்று நியாயம் கேட்கும் பழக்கம் அப்படித்தான் அவருக்கு வந்தது.

1990ஆம் ஆண்டளவில் மதுரைப் பகுதியில் 'களஞ்சியம்' என்ற பெயரில் பெண்களின் சேமிப்புக் குழுக்கள் தொடங்கின. பதினைந்து இருபது பெண்கள் மாதந்தோறும் கூடிச் சிறு தொகை போடுவார்கள். வைத்தியச் செலவோ விதைநெல்லோ தேவைப்படும் அங்கத்தவருக்கு அந்தப் பணத்திலிருந்தே கடன் கிடைக்கும். வட்டியைக் குழுவே தீர்மானிக்கும். அதுவும் குழுவுக்கே திரும்பிவரும். வட்டிக்காரனிடம் நகையையும் நிலத்தையும் பறிகொடுத்த ஊர்களில் இது பெரிய மாற்றம்.

சின்னப்பிள்ளை தன் ஊரில் குழுவை நடத்தியதோடு நிற்கவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பெண்களோடு பேசினார். பல குழுக்கள் சேர்ந்த கூட்டமைப்புக்குத் தலைவியானார். 1999ஆம் ஆண்டுக்கான 'ஸ்திரீ சக்தி' விருதை வழங்கியபோது, இந்தியப் பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது.

நாம் கவனிக்க வேண்டியவை

சின்னப்பிள்ளையின் துணிவு தனியாள் துணிவு அல்ல. அவருக்குப் பின்னால் பெண்கள் இருந்தார்கள். கணக்கு எழுதப் படித்தவர்கள் உதவினார்கள். எழுதத் தெரியாதது அவருக்குக் குறைதான். அந்தக் குறைக்கு ஆள் தேடிக்கொண்டார், ஆனால் பேசுவதை விடவில்லை.

இடம்பெயர்ந்த நமக்கு ஒரு வித்தியாசம் உண்டு. அவர் தன் ஊரிலேயே இருந்தார். நமது அயலவர் சிதறிவிட்டனர். ஆகவே முதல் வேலை, பழைய வயல் அயலவரைத் தேடிச் சேர்ப்பதே. எந்த வாய்க்காலுக்குக் கீழே யார் வயல் இருந்தது என்பதை அவர்களும் வட்டவிதானையும் சொல்ல முடியும். பிரதேச செயலகத்துக்கோ கமநல சேவை நிலையத்துக்கோ போகும்போது இரண்டு மூன்று பேராகப் போங்கள். படிவம் விளங்காவிட்டால், படிக்கும் பிள்ளையைக் கொண்டு வாசிப்பியுங்கள். விளங்காத தாளில் கையெழுத்தோ பெருவிரலோ வைக்காதீர்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியும் திகதியும் உங்கள் கையில் இருக்கட்டும்.

மருதமுனைக் கைத்தறியைப் பாருங்கள். அந்தத் தொழில் தலைமுறை தலைமுறையாகத் தறியடியில் இருந்தே பழகி வந்தது. வயல் அறிவும் அப்படித்தான். சான்றிதழ் இல்லாததால் அது அறிவு இல்லையென்று ஆகாது.

இதைக் கேட்டுப் பிள்ளைகளின் படிப்பை நிறுத்திவிடாதீர்கள். படிப்பு அவர்களுக்கு வேண்டும், பெண்பிள்ளைகளுக்கும் வேண்டும். ஆனால் அவர்கள் படித்து முடிக்கும்வரை நமது காணியும் கடனும் காத்திருக்கமாட்டா. அடுத்த பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் பின்வரிசையில் இருப்பவர்கள் ஒருமுறை எழுந்து, தங்கள் பெயரையும் வயல் இருந்த இடத்தையும் சொல்லட்டும். அவ்வளவு போதும் தொடங்குவதற்கு.